டைப் 1 சர்க்கரையோடு பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு: யாரிடம் சொல்வது, பையில் என்ன வைப்பது, சுகர் இறங்கினால் என்ன செய்வது

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற, டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இது தாத்தாவுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது, மிட்டாய் தின்றதால் வந்ததும் இல்லை, அதனால் இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாளும் முடியாது. வீட்டில் அம்மா பார்த்துக்கொள்வார். காலையில் டவுன் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை யூனிட் என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது, அதில் நான் தலையிடவில்லை.

1. முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள்

நம்ம பக்கம் பெரிய சிக்கலே இதுதான். பொண்ணுப் பிள்ளையாக இருந்தால் "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாருங்க பொண்ணு கேட்டு வருவாங்க" என்று வீட்டிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் விஷயம் தெரியாத டீச்சர், நீங்கள் மயங்கி விழுந்தால் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாய் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில் சுகர் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். வகுப்பு ஆசிரியர், பி.டி. மாஸ்டர், பக்கத்தில் உட்காரும் ஒரு நண்பர், இந்த மூவருக்கும் கட்டாயம் தெரிய வேண்டும். எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இப்படியே சொல்லலாம்: "டீச்சர், எனக்கு டைப் 1 சுகர் இருக்குதுங்க. கை நடுங்கி வேர்த்துச்சுன்னா கிளாஸ்லயே குளுக்கோஸ் சாப்பிட்டுக்குவேனுங்க. அப்ப என்னைத் தனியா வெளிய அனுப்பிடாதீங்க."

2. பை

குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், இன்சுலின், ஊசி, குளுக்கோஸ் பவுடர், தண்ணீர், பிஸ்கட். குளுக்கோஸ் மட்டும் பையில் இருந்தால் போதாது, சட்டைப் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும். விளையாட்டு மைதானத்துக்குப் போகும்போது பை வகுப்பில்தானே கிடக்கும்!

பாட்டிலில் இன்சுலின் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 40 என்று போட்ட பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்று போட்டதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மருந்துக்கடையில் எதைக் கொடுத்தாலும் பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

அப்புறம் வெயில். திறந்த இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொதுவாக நாலு வாரம் தாங்கும் (உங்கள் மருந்தின் அட்டையையும் பாருங்கள்), ஆனால் ஈரோட்டிலும் கரூரிலும் பங்குனி, சித்திரையில் 30 எங்கே நிற்கிறது? குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய வாயகன்ற பிளாஸ்க்கில், இன்சுலினை நீர் புகாத கவரில் போட்டு வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் அந்த மருந்து வீண். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், மேலே மூடி, நிழலில் வைத்தால் நன்றாகவே குளிர்ச்சி நிற்கும்.

3. சுகர் இறங்கினால்

கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கரும்பலகை மங்கலாகத் தெரிவது, காரணமில்லாத எரிச்சல். மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம். மீட்டர் கையில் இல்லையா, முதலில் சாப்பிடுங்கள், சோதனை அப்புறம்.

மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் உட்காருங்கள். மறுபடி பாருங்கள், இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தால் ரெண்டு பிஸ்கட். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை? சுகர் இறங்கியபோது தாராளமாக உதவும். அதே காரணத்தால்தான், "நாட்டுச்சர்க்கரைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று மற்ற நேரத்தில் பாலில் போட்டுக்கொள்ளக் கூடாது.

நண்பருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு டீச்சரை 108க்கு அழைக்கச் சொல்ல வேண்டும்.

4. மதியம்

கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே விரலைக் குத்துங்கள். ஆரஞ்சு உரித்த கையோடு குத்தினால், ரத்தத்தில் இல்லாத சர்க்கரையை மீட்டர் காட்டும், நீங்களும் அதை நம்பி மருந்தைக் கூட்டிவிடுவீர்கள். விரல் நுனியில் நடுவே குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு, எழுதும்போதும் உறுத்தாது.

சாப்பாடு கண்ணுக்குத் தெரியாமல் ஊசி போடாதீர்கள். வரிசை நீளமாக இருக்கும், சில நாள் சோறு தாமதமாகும், போட்ட மருந்து காத்திருக்காது. கழிவறைக்குள் போய் ஒளிந்து போட வேண்டியதும் இல்லை, சுத்தமான இடமாக ஸ்டாஃப் ரூம் ஓரத்தைக் கேளுங்கள். குத்திய ஊசியை மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுங்கள். பள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டால் கூட்டுகிற அக்கா கையில் குத்தும்.

5. கபடி, ஓட்டம்

விளையாடும் முன் ஒரு தடவை பாருங்கள். 90க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். 250க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லாமல் இருந்தால் அன்று வேண்டாம். ஆடிய நாள் ராத்திரியிலும் சுகர் இறங்கலாம், வீட்டில் சொல்லி வையுங்கள்.

6. காய்ச்சல் நாள்

சாப்பிட முடியவில்லை என்பதற்காக இன்சுலினை நிறுத்தவே கூடாது. காய்ச்சலில் சுகர் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குவது, வாயில் பழவாசனை, இதில் எது வந்தாலும் பள்ளியில் உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. சொந்தக்காரர் யாராவது நாட்டுமருந்தைக் கொடுத்து ஊசியை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

7. பரீட்சை

டைப் 1 உள்ள மாணவர்கள் தேர்வு அறைக்குள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், தின்பண்டம், தண்ணீர் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017இல் அனுமதி கொடுத்தது. நீங்கள் எந்தப் போர்டாக இருந்தாலும் டாக்டர் கடிதத்தோடு தலைமையாசிரியர் மூலம் பல வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள், அனுமதி வந்ததும் அதன் நகலை ஹால் டிக்கெட்டோடு பின் பண்ணி வையுங்கள்.