விளிம்பு விளைவும் எலக்ட்ரான் அலையும்: பிளஸ் டூ பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

சி.வி.ராமன் பிறந்தது திருவானைக்காவலில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே. ராமன் விளைவைத்தான் எல்லோரும் பேசுவோம். ஆனால் 1906-ல், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக அவர் வெளியிட்ட முதல் கட்டுரை ஒளியின் விளிம்பு விளைவை, அதாவது தடையின் ஓரத்திலோ குறுகிய துளையிலோ ஒளி வளைந்து பரவுவதைப் பற்றியது. செவ்வகத் துளையில் ஒளி மிகச் சாய்வாக விழுந்தால், நடுப்பட்டையின் இருபுறமும் உள்ள பட்டைகள் ஒரே அகலத்தில் அமைவதில்லை என்று அதில் காட்டினார். அதே டெல்டாவில், கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் திருவாரூரிலும், நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பாடம் ஒன்றும் கடினமில்லை. அலைநீளம் எவ்வளவு, அந்த அலை சந்திக்கும் இடைவெளி எவ்வளவு என்று இரண்டு நீளங்களை ஒப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் முக்கால்வாசித் தவறுகள் நின்றுவிடும்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மதகுப் பலகையைத் தூக்குகிறோம். நீர் பாய்ந்து வந்து வயலில் பரவுகிறது. விளிம்பு விளைவுக்கு இதை உதாரணமாக எழுதாதீர்கள். அங்கே பரவுவது தண்ணீரே தவிர அலை அல்ல. ஓட்டமில்லாத குளத்து நீரில் சிற்றலைகள் ஒரு சந்து வழியே புகுந்து மறுபுறம் அரைவட்டமாக விரிவதுதான் சரியான உதாரணம். அலை முகடுகளுக்கு இடையே உள்ள தூரமும் சந்தின் அகலமும் ஏறக்குறைய சமமானால் அரைவட்டம் தெளிவாகத் தெரியும். சந்து மிக அகலமானால் அலை நேராகவே போகும். ஓரத்தில் மட்டும் சற்று வளையும்.

இது புரிந்தால், "பிளவைக் குறுக்கினால் திரையில் ஒளிப்பட்டையும் குறுகும்" என்று யாரும் எழுத மாட்டார்கள். நடப்பது நேர்மாறு: பிளவு குறுகக் குறுகப் பட்டை விரியும். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தலைமுடியை நிறுத்தி, சிவப்பு லேசர் ஒளியை அதன்மேல் அடித்து, மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் பாருங்கள். அலைநீளம் 650 நானோமீட்டர், முடியின் தடிமன் 75 மைக்ரோமீட்டர் என்றால், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த கரும்பட்டைகளின் இடைவெளி சுமார் 2.6 சென்டிமீட்டர். இன்னும் மெல்லிய முடியை வைத்தால் இடைவெளி கூடும். இடைவெளியை அளந்து முடியின் தடிமனைக் கணக்கிடவும் முடியும். லேசரை மட்டும் கண்ணில் படவிடவே கூடாது, பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மதிப்பெண் அதிகம் போவது இரண்டு சூத்திரங்களின் குழப்பத்தில். யங்கின் சோதனையில் ஒளி இரண்டு பிளவுகள் வழியே வரும். திரையில் ஓர் இடத்துக்கு அவை கடந்து வரும் தூரங்களின் வித்தியாசம், அதாவது பாதை வேறுபாடு, ஒரு முழு அலைநீளமானால் அங்கே பொலிவு. ஒற்றைப் பிளவில் இரு ஓரங்களுக்கும் இடையே அதே ஒரு அலைநீள வேறுபாடு வந்தால் அங்கே இருள். சமன்பாடுகள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மனப்பாடம் செய்கிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஒற்றைப் பிளவை மனத்தில் இரண்டு பாதியாகப் பிரியுங்கள். மேல்பாதியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்பாதியில் ஒரு ஜோடிப் புள்ளி உண்டு. இரண்டுக்கும் பாதை வேறுபாடு அரை அலைநீளம். ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று அழித்துவிடும், அதனால் இருள். இந்த ஒரு படத்தை வரைந்து பழகினால் சூத்திரத்தை மறந்தாலும் நீங்களே வருவித்துக்கொள்ளலாம்.

முப்பட்டகத்தில் சிவப்பு குறைவாக வளையும் என்பதை அப்படியே கீற்றணிக்கும் (நெருக்கமான இணைகோடுகள் கொண்ட தட்டு) எழுதுவது அடுத்த தவறு. கீற்றணியில் அலைநீளம் கூடினால் கோணமும் கூடும். குறுந்தகட்டின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர். அதுவும் ஒரு கீற்றணிதான். வெள்ளொளி அதில் செங்குத்தாக விழுந்தால் நடுவை அடுத்த முதல் வண்ணப் பட்டையில் (முதல் வரிசை) ஊதா சுமார் 14.5 டிகிரியிலும் சிவப்பு 24 டிகிரியிலும் தெரியும். நிலாவிலும் இதே வித்தியாசம் உண்டு. "அகல் வட்டம் பகல் மழை" என்பார்களே, அந்தப் பெரிய வட்டம் உயர்ந்த மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் வருவது. சிவப்பு உட்புறம் இருக்கும். நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் சிறிய வண்ண வளையம்தான் நீர்த்துளிகளின் விளிம்பு விளைவு. அதில் சிவப்பு வெளிப்புறம்.

இனி எலக்ட்ரான். அதுவும் அலைபோல நடந்துகொள்ளும். பிரெஞ்சு இயற்பியலாளர் டி ப்ராய் 1924-ல் சொன்னபடி அதன் அலைநீளம் என்பது பிளாங்க் மாறிலி என்ற நிலையான எண்ணை உந்தத்தால் (நிறை பெருக்கல் வேகம்) வகுத்தது. ஃபோட்டானுக்கான ஆற்றல் சூத்திரத்தை எடுத்து எலக்ட்ரானுக்குப் போட்டால் எல்லாம் பாழ். 54 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு அந்தச் சூத்திரம் 230 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர்) தரும். சரியான வழி, டி ப்ராய் சூத்திரத்தில் எலக்ட்ரானின் நிறையைப் போட்டால் கிடைக்கும் 12.27-ஐ 54-ன் வர்க்கமூலத்தால் வகுப்பது: 1.67 ஆங்ஸ்ட்ராம். படிகத்தில் அணுக்களின் இடைவெளியும் இதே அளவில்தான் இருக்கிறது. 1927-ல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தைக் கொண்டு எலக்ட்ரானின் அலைத்தன்மையைக் காட்ட முடிந்தது இதனால்தான்.

அந்தச் சோதனையில் 54 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் 50 டிகிரியில் அதிகமாகச் சிதறின. அந்த 50-ஐ நேராக பிராக் சமன்பாட்டில் (அலைநீளம் = 2 × தள இடைவெளி × கோணத்தின் சைன்) போடுவது வழக்கமான சறுக்கல். 50 என்பது படுகற்றைக்கும் சிதறிய கற்றைக்கும் இடையே உள்ள கோணம். பிராக் கோணம் படிகத் தளத்திலிருந்து அளப்பது, ஆகவே 180-ல் 50 போக மீதியில் பாதி, 65 டிகிரி. தள இடைவெளி 0.91 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்தால் அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம், டி ப்ராய் மதிப்பான 1.67-க்கு மிக அருகில். 50-ஐப் போட்டவருக்கு 1.39 வரும், அதைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

எலக்ட்ரான் நெளிந்து நெளிந்து போவதாகப் படம் வரைய வேண்டாம். பல எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதித்தான் பட்டைகள் உண்டாகின்றன என்றும் எழுத வேண்டாம். 1989-ல் ஜப்பானில் அகிரா டொனோமுரா குழுவினர் கருவிக்குள் ஒரு நேரத்தில் ஒரு எலக்ட்ரானுக்கு மேல் இல்லாதபடி அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளியாகப் பதிந்தது. நூறு புள்ளிகளில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. பல ஆயிரம் சேர்ந்த பிறகு பட்டைகள் துலங்கின. அடுத்த புள்ளி எங்கே விழும் என்று அலை சொல்வதில்லை, எந்த இடத்தில் விழ எவ்வளவு வாய்ப்பு என்பதையே சொல்கிறது.