ஸ்விண்டனுக்குப் புதிதா? பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள்

இங்கிலாந்தில் இருக்கிற இந்த ஊருக்கு வேலை கிடைத்து வருகிறவர்கள் முதலில் கேட்பது பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், வாடகை எவ்வளவு என்பதுதான். அதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டாரோடு பேச்சை எப்படி வளர்ப்பது என்பதுதான் பலருக்கு வருடக்கணக்கில் பிடிபடுவதில்லை, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, அதோடு சரி. அவர் இந்த ஊர்க்காரராக இருந்தால், தாத்தா இங்கே ரயில் எஞ்சின் கட்டிய ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தா பள்ளிக்கூடம் முடித்த கையோடு பாய்லர் ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தவர். நாள் முழுக்க ரிவெட் அடிக்கிற சத்தத்தில் காது போய்விட்டது. பேரன் இன்றைக்கும் உரக்கப் பேசுவது அவரோடு பேசிப் பழகித்தானாம். 1843-இல் தொடங்கிய அந்த ஒர்க்ஷாப்பில் ஒரு காலத்தில் 14,000 பேர் வேலை பார்த்தார்கள், அதன் சங்கு ஊதித்தான் ஊரே எழுந்திருக்கும். ஜூலையில் ஒரு வாரம் வேலையை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக ரயிலேறிக் கடற்கரைக்குப் போவார்கள், அதற்கு 'ட்ரிப்' என்று பெயர். ரயில் இலவசம்தான், ஆனால் 1930-களின் கடைசிவரை அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது, திரும்பி வந்ததும் வீட்டில் பஞ்சம்தான். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சின் 'ஈவினிங் ஸ்டார்' 1960-இல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. இதைச் சொல்லும்போது பேரனின் குரல் இன்னும் ஏறும்.

ஒர்க்ஷாப்பை 1986-இல் மூடிவிட்டார்கள். நீங்கள் ஜாக்கெட் வாங்கப் போகிற அவுட்லெட் கடைத்தொகுதி அந்தப் பழைய கட்டடங்களில்தான் இருக்கிறது. இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று மட்டும் இந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. அந்தத் தொழிலாளர்கள் 1847 முதலே வாரக் கூலியில் ஒரு பங்கைப் பிடித்தம் கொடுத்துத் தங்களுக்கென்று டாக்டர், மருந்து என்று நடத்திவந்தார்கள், என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவை வந்தது 1948-இல்தான். உங்களுக்கு அந்தப் பாடு இல்லை, ஆனால் காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் வந்த வாரமே ஜி.பி.யிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம், பதிந்துகொள்ளுங்கள். முகவரிச் சான்று கையில் இல்லை என்பதற்காக அவர்கள் மறுக்கக்கூடாது.

அப்புறம் பென்ஷன். தாத்தாவுக்கு ஆயுள் முழுக்க ஒரே முதலாளி. நாமோ நாலைந்து கம்பெனி மாறுவோம், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொஞ்சம் பென்ஷன் பணம் கிடக்கும். அரசுப் பென்ஷன் கொஞ்சமாவது கிடைக்க சம்பளத்தில் பிடிக்கிற நேஷனல் இன்ஷூரன்ஸ் 10 வருடமாவது கணக்கில் இருக்க வேண்டும், முழுசாகக் கிடைக்கப் பொதுவாக 35 வருடம். அதனால் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டி கம்பெனி வருடா வருடம் தருகிற பி60 தாளைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறினால் பழைய பென்ஷன் கம்பெனிகளுக்கும் புது முகவரியைச் சொல்லிவிடுங்கள்.