கொடிவழி ஆய்வுப் பாடத்தில் சேர்பவர்களுக்கு: நம் வீட்டு ஆவணங்களை வைத்துப் படிக்கும் முறை

குடும்ப வரலாற்றையும், முன்னோர் யார் யார் என்று தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பதியும் கொடிவழி ஆய்வையும் இணையவழியில் கற்பிக்கும் பாடங்களில் பெரும்பாலானவை பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆவணங்களைக் கொண்டு அமைக்கப்பட்டவை. பிரிட்டனில் 1841 முதல் 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களில் எவரும் தம் முன்னோரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பொதுமக்கள் பார்வையிட அனுமதிப்பதில்லை. இதனால் இந்தப் பாடங்கள் நமக்கு உதவாது என்று சிலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பாடங்களில் ஆவணம் எங்கே கிடைக்கும் என்ற பகுதி மட்டுமே அந்தந்த நாட்டுக்கு உரியது. கிடைத்த ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்ற பகுதி எல்லோருக்கும் உரியது. ஒவ்வொரு வாரப் பயிற்சியையும் சொந்த வீட்டு ஆவணங்களில் செய்து பார்த்தால், அந்த இரண்டாம் பகுதி முழுமையாகக் கைவரும்.

படி 1: கேள்வியையும் பாடத்தையும் தேர்ந்தெடுத்தல்

சேருமுன் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். "எங்கள் பரம்பரை வரலாறு" என்பது ஆய்வுக்கேள்வி ஆகாது, "என் தந்தைவழிப் பாட்டனாரின் தாயார் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்?" என்பது ஆகும். தொடக்கத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை. முன்னோர் ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன. ஆர்வம் நிலைத்தபின் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் பட்டயப் படிப்புகளைப் பற்றி யோசிக்கலாம். எதில் சேர்ந்தாலும், முரண்படும் சான்றுகளைத் தீர்க்கும் முறைக்குப் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தளத்தின் தேடுபெட்டியைப் பயன்படுத்த மட்டும் கற்றுத்தருவது, என் கருத்தில், பாடம் அன்று, விளம்பரம்.

படி 2: எண்ணிட்டு எழுதுதல்

எல்லாப் பாடங்களிலும் தொடக்கத்திலேயே ஓர் எண்முறை வரும். நீங்கள் 1, தந்தை 2, தாய் 3. எவருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய தந்தையின் எண்ணும், அதனுடன் ஒன்றைக் கூட்டினால் தாயின் எண்ணும் கிடைக்கும். ஆகவே தந்தைவழிப் பாட்டனார் 4, தாய்வழிப் பாட்டி 7.

முறைப்பெண்ணை மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இந்தப் பட்டியல் விரைவிலேயே ஓரிடத்தில் மடங்கும். உங்கள் தந்தை தம் தாய்மாமன் மகளை மணந்திருந்தால், தந்தையின் தாயும் (5) தாயின் தந்தையும் (6) உடன்பிறந்தவர்கள். எனவே 10, 11 என்ற எண்களுக்கு உரியவர்களே 12, 13 என்ற எண்களுக்கும் உரியவர்கள். அக்காள் மகளை மணந்திருந்தாலோ 4, 5 என்ற இருவரும் அடுத்த தலைமுறைக்கு ஏறி 14, 15 என்ற இடங்களிலும் அமர்வார்கள். மென்பொருள் இதைப் பிழை என்று காட்டினாலும் திருத்த முனையாதீர்கள். ஒரே ஆளை இரண்டு தனி ஆட்களாகப் பதிந்துவிடாமல், இரண்டு எண்களையும் ஒரே பெயருடன் இணையுங்கள். மரபணுப் பரிசோதனை பற்றிய பாடத்திலும் இதை நினைவில் வைக்க வேண்டும். இத்தகைய குடும்பங்களில் உறவினர்களுக்கிடையே பொதுவான மரபணுப் பகுதி கூடுதலாக இருப்பதால், பரிசோதனை நிறுவனம் கணிக்கும் உறவு உண்மையைவிட நெருக்கமாகத் தோன்றக்கூடும்.

படி 3: பெயர்களைப் பிரித்தறிதல்

குடும்பப்பெயரைப் பின்தொடரும் உத்தி நமக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைக்கும் வீட்டில் மு. கருப்பையாவின் மகன் க. முத்தையா, அவருடைய மகன் மீண்டும் மு. கருப்பையா என்றாகும்போது, பெயரும் முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும் இருவர் இரண்டு தலைமுறை இடைவெளியில் நிற்பார்கள். ஆகவே ஒவ்வொரு பெயருடனும் ஊர், தந்தை பெயர், மனைவி பெயர், ஆவணத்தின் ஆண்டு ஆகிய நான்கையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆண்டுகளை மாற்றுதல்

பழைய ஜாதகத்திலோ கணக்குப் புத்தகத்திலோ "நந்தன வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1892–93ஆகவும் இருக்கலாம், 1952–53ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்பதை வேறொரு சான்றுதான் சொல்ல வேண்டும். ஜாதகத்தில் கிழமையும் திதியும் நட்சத்திரமும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்துடன் ஒப்பிட்டு நாளையே உறுதிசெய்துவிடலாம். வருவாய்த்துறைக் கணக்குகளில் வரும் பசலி ஆண்டுடன் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. ஆவணத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதிவிட்டு, மாற்றிய ஆண்டை அருகில் தனியாகக் குறிப்பது நல்லது.

படி 5: பத்திரங்களைப் படித்தல்

மேலைநாட்டுப் பாடங்களில் கணக்கெடுப்புப் படிவம் வகிக்கும் இடத்தை நிலமுள்ள தமிழ்க் குடும்பங்களில் பத்திரம் வகிக்கிறது. வீட்டில் மூலப்பத்திரம் இல்லையென்றால் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்று எடுத்து, அதில் வரும் ஆவண எண்ணுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுப் போடலாம். விற்பனைப் பத்திரம் தருவது பெரும்பாலும் தந்தையின் பெயரையும் ஊரையும்தான். பாகப்பிரிவினைப் பத்திரமோ பங்காளிகள் அனைவரையும், சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரலாற்றையும் ஒருசேரத் தரும். தேடலில் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்கு முன், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்பால் வரும் பங்குரிமை இல்லை. ஆகவே 1950இல் எழுதிய ஒரு பாகப்பிரிவினையில் மூன்று மகன்கள் மட்டும் இருந்தால், அந்த வீட்டில் பெண்பிள்ளைகளே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஓர் ஆவணம் எதற்காக, யாரால், யாரை விட்டுவிட்டு எழுதப்பட்டது என்று கேட்கப் பாடம் கற்றுத்தருவதை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். விடுபட்ட பெண்களைக் கல்யாணப் பத்திரிகைகளிலும் மொய் நோட்டுகளிலும், கிறித்தவக் குடும்பமானால் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளிலும் தேடுங்கள். வயதான அத்தைமார்களைக் கேட்பது இவை எல்லாவற்றையும்விட விரைவான வழி. பெண் கொடுத்த ஊர்களும் எடுத்த ஊர்களும் அவர்களுக்கு மனப்பாடம்.

நிலமற்ற குடும்பங்களுக்குப் பத்திர வழி அடைபட்டிருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு போன்றவற்றிலிருந்து தொடங்குங்கள். பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல் "ஆண்" என்று மட்டும் இருப்பது உண்டு என்பதால், தந்தை பெயரையும் தேதியையும் கொண்டு தேட வேண்டும்.

படி 6: கடல் கடந்தவர்களைத் தேடுதல்

முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குச் சென்றிருந்தால் நிலைமை வியக்கத்தக்க அளவு எளிது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை சென்றவர்களின் கப்பல் பட்டியல்கள் உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, அங்க அடையாளம் ஆகியவை அவற்றில் இடம்பெறுகின்றன. மொரீஷியஸ் சென்றவர்களுக்கு அந்நாட்டின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகம் உண்டு. ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் உருமாறியிருக்கும். வாய்விட்டுப் படித்தால் பல ஊர்கள் பிடிபடும்.

படி 7: முடிவை எழுதுதல்

பாடத்தின் இறுதிப் பயிற்சி பெரும்பாலும் ஓர் ஆய்வறிக்கையாக இருக்கும். அமெரிக்கக் கொடிவழி ஆய்வாளர்கள் பின்பற்றும் சான்று நெறி ஐந்து செயல்களைக் கேட்கிறது: இயன்ற அளவு முழுமையாகத் தேடுதல், ஒவ்வொரு தகவலுக்கும் மூலம் காட்டுதல், சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்தல், முரண்களைத் தீர்த்தல், முடிவைக் காரணத்துடன் எழுதிவைத்தல். அத்தை சொன்ன ஊரும் பத்திரத்திலுள்ள ஊரும் வேறாக இருந்தால் பத்திரமே சரி என்று உடனே தீர்மானிக்காதீர்கள். எழுதியவர் தாம் குடியிருந்த ஊரைக் குறித்திருக்கலாம், அத்தை பூர்வீக ஊரைச் சொல்லியிருக்கலாம்.

அறிக்கையை உறவினர்களுக்கு அனுப்புமுன் உயிருடன் இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி போன்றவற்றை நீக்கிவிடுங்கள். விடை கிடைக்காத எண்ணுக்கு எதிரே ஊகத்தை எழுதாமல், எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினீர்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். அடுத்து தேடப்போகிறவர் அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்.