கொல்லைப்புறத்தில் காட்டுப்பூ வெளி: விதையிலிருந்து வளர்க்கும் முறை

காட்டுப்பூ விதையை வாங்கி வந்து தூவிவிட்டால் போதும், பூக்காடாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அங்கே கோரையும் அருகும்தான் நிற்கும். விதையில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. நிலத்தில் முன்பே இருந்த களை முந்திக்கொண்டுவிடும். அதனால் இந்த வேலையில் பெரும்பகுதியை விதைப்புக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

கணக்குக்கு 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், அதாவது 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை இதைவிடப் பெரிதாகப் போக வேண்டாம்.

படி 1: இடமும் மண்ணும்

நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் படும் இடமாகப் பாருங்கள். மழை விட்டு மறுநாளும் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. எருவோ உரமோ போடாதீர்கள். தோட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் கை வராது! தழைச்சத்து மிகுந்த மண்ணில் முதலில் கொழுப்பது புல். பூச்செடியும் இலையாகவே வளர்ந்து, தண்டு நீண்டு, ஒரு மழைக்குச் சாய்ந்துவிடும். காய்கறிப் பாத்தியைவிடச் சும்மா கிடந்த மெலிந்த மண்ணே இதற்கு மேல்.

படி 2: களை

முதலில் இருக்கிற செடி, புல் எல்லாவற்றையும் வேரோடு எடுங்கள். கோரையை இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். கடலைப்பருப்பிலிருந்து நிலக்கடலை அளவு வரை, கறுப்பாக, மெல்லிய நூல்வேரில் கோத்ததுபோல் ஒன்றையொன்று தொடர்ந்து போகும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே மண்வெட்டியால் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு கிழங்கு மிஞ்சினாலும் மறுபடி கிளம்பும். அருகின் தண்டும் அப்படித்தான், ஒரு கணு போதும் அதற்கு.

பிறகு மண்ணைச் சமப்படுத்தி நன்றாக நனைத்து, வெயில் மிகுந்த மாதங்களில் நிறமற்ற பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுங்கள். ஓரங்களை மண்ணால் புதைத்து 6 வாரம் விடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் மேல்மண்ணில் உள்ள களைவிதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். ஆழத்தில் கிடக்கும் கோரைக்கிழங்கை இந்தச் சூடு எட்டாது, அதனால்தான் அதை முன்பே தோண்டச் சொன்னோம்.

தாளை எடுத்ததும் உடனே விதைக்காதீர்கள். 10 நாள் தண்ணீர் தெளித்து, முளைக்கிற களையை முளைக்க விட்டு, களைக்கொத்தால் 2 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் சுரண்டிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் களைவிதை மேலே வந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். பொறுமை இருந்தால் இன்னொரு சுற்று செய்யலாம்.

படி 3: விதை

உங்கள் பகுதியில் இயல்பாக வளரும் இனங்களை முதன்மையாக எடுங்கள். அங்குள்ள தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அவை பழகியவை. எந்தெந்த இனம் என்ற பட்டியல் இல்லாத கலவையை வாங்காதீர்கள். உண்ணிச்செடி போலப் பரவி அடைத்துக்கொள்கிறவற்றை அழகுக்காகக்கூடச் சேர்க்க வேண்டாம்.

ஒரு பருவத்தில் பூத்து முடியும் செடிகளும் பல்லாண்டுச் செடிகளும் கலந்திருக்கட்டும். முதல் வகை இரண்டு, மூன்று மாதத்தில் பூக்கும். இரண்டாவது வகை முதல் ஆண்டு வேரை இறக்குவதிலேயே கழியும்.

சதுர மீட்டருக்கு 3 கிராம் என்றால் 20 சதுர மீட்டருக்கு 60 கிராம். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். பயந்து இரட்டிப்பாகப் போட்டால் நாற்றுகள் நெருங்கி, வேகமாக வளரும் ஓரிரு இனம் மற்றவற்றை மூடிவிடும்.

சங்குப்பூ, கிலுகிலுப்பை போன்ற கெட்டித்தோல் விதைகளைத் தனியே எடுத்து, உப்புத்தாளில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து, விரலால் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள்.

படி 4: விதைப்பு

மழைப்பருவத் தொடக்கம் ஏற்றது. பனி உறையும் நாடுகளில் வசந்தம் பொருந்தும், குளிர் கடந்தால்தான் முளைக்கும் இனங்களை மட்டும் இலையுதிர்காலத்திலேயே விதைத்துவிட வேண்டும்.

60 கிராம் விதையோடு, பிடித்தால் உதிரும் அளவுக்கு ஈரமான மணல் 1 கிலோ கலந்து இரண்டு பங்காக்குங்கள். காற்றில்லாத நேரத்தில் ஒரு பங்கை நீளவாட்டிலும் மறு பங்கை அகலவாட்டிலும் தூவுங்கள். வெளிர்மணல் விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பதால் விடுபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். நடுநடுவே வாளியைக் கிளறிக்கொண்டே இருங்கள். பொடிவிதை அடியில் இறங்கிவிடும், கிளறாவிட்டால் ஒரு மூலை முழுக்க ஒரே பூவாக நிற்கும்.

தூவியதை மண்ணால் மூடாதீர்கள். பல பொடிவிதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்று மிதித்து, விதை மண்ணோடு ஒட்டினால் போதும்.

படி 5: முதல் ஆறு வாரம்

பூவாளியில் மென்மையாக, காலையும் மாலையும். குழாயை நேராகப் பீய்ச்சினால் விதையெல்லாம் ஓரத்தில் போய் ஒதுங்கும். முளைவேர் எட்டிப்பார்க்கும் வேளையில் மேல்மண் ஒருநாள் காய்ந்தால்கூட அந்த முளை போய்விடும். நாற்று நாலு இலை விட்ட பிறகு தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள்.

இந்தக் கட்டத்தில் எது களை, எது பூ என்று குழம்பும். விதைக்கும் அன்றே ஒவ்வோர் இனத்திலும் சில விதைகளைப் பெயர் எழுதிய தனித்தனித் தொட்டியில் போட்டுவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். களையை இழுக்காமல் தரையோடு கத்தரியுங்கள். இழுத்தால் பக்கத்து நாற்றும் கூட வந்துவிடும்.

படி 6: வெட்டு

பூத்து, காய்ந்து, விதை உதிரும் வரை விடுங்கள். பிறகு 10 செ.மீ. உயரம் விட்டு அறுத்து, இரண்டு மூன்று நாள் அங்கேயே போட்டு, உதறிவிட்டு அள்ளிவிடுங்கள். மக்க விட்டால் மண் கொழுத்து மறுபடி புல்லுக்குத்தான் கொண்டாட்டம். உதறும்போது உதிரும் விதையில் ஒரு பிடி எடுத்துவையுங்கள். வெறுமையாகத் தெரியும் திட்டுகளைச் சுரண்டி, அதை அடுத்த பருவத் தொடக்கத்தில் அங்கே மட்டும் தூவுங்கள்.