வீட்டு ஆளுங்கள வச்சே ஸ்டீல் டிரம் பேண்ட் ஆரம்பிக்கிறது எப்படி

ஸ்டீல் டிரம்னா, எண்ணெய் டிரம்மோட மூடின பக்கத்தக் குழிவா தட்டி, அதுலயே சுரங்கள எடுத்த வாத்தியம். கரீபியன் தீவான டிரினிடாட்ல 1963ல இருந்து நடக்குற பனோரமாங்கிற ஸ்டீல் பேண்ட் போட்டி வீடியோவப் பாத்துட்டு, அய்யோ நூறு பேர் வேணும் போலயேன்னு மலைச்சுப் போயிடாதீங்க, வீட்ல நாலு பேர் இருந்தாலே போதும்.

மெலடிக்கு ஒரு டெனர், அதாவது மேல் சுருதி வாசிக்கிற ஒத்த டிரம். கார்டுக்கு, அதாவது பல சுரத்த சேத்து வாசிக்கிறதுக்கு, டபுள் செகண்ட், அது ரெண்டு டிரம் சேர்ந்த செட்டு. கீழ் சுருதி வாசிக்கிற பேஸ்னா ஆறு முழு டிரம், ஒவ்வொன்னுலயும் மூணே சுரம், ஹாலையே அடைச்சுக்கும், அதனால ஆரம்பத்துக்கு ஒரு பேஸ் கிட்டார வச்சே ஓட்டிக்கலாம். நாலாவது ஆளு அயர்ன், அதாவது பழைய வண்டி பிரேக் டிரம்ம இரும்புக் கம்பியால தட்டுறது. சும்மா சத்தம்தானேன்னு நெனைக்காதீங்க, மொத்த பேண்டும் அது மேலதான் நிக்குது. வீட்ல யாருக்குக் காலப்பிரமாணம் ஓடாம நிக்குதோ அவங்ககிட்ட குடுங்க, அது கடைக்குட்டியா இருந்தாலும் சரி.

டெனர்ல சுரம் வரிசையா இருக்காது, ச-வுக்கு ஒரு பக்கம் ம, இன்னொரு பக்கம் ப. மொதல்ல தலை சுத்தும், ஆனா ஒன்னோட ஒன்னு சேர்ற சுரமெல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்குறதாலதான் அந்த டிரம் அப்படி இனிக்குது. ஓங்கி அடிக்காதீங்க, அடிச்சா சுருதிதான் கலையும், அப்புறம் டியூனர், அதாவது டிரம்முக்கு சுருதி சேக்குறவரு, வந்து சுத்தியலால தட்டித்தான் சரி பண்ணணும். மணிக்கட்டு மட்டும் அசையட்டும், சூடான பாத்திரத்துல விரல் பட்டா வெடுக்குன்னு எடுப்போமே, அந்த மாதிரி குச்சியோட ரப்பர் முனை பட்டதும் எடுத்துடணும். ஒரு சுரத்த நீளமா இழுக்கணும்னா ரெண்டு குச்சியையும் மாத்தி மாத்தி வேகமா உருட்டணும், இதுக்குப் பேரு ரோல், தினம் பத்து நிமிஷம் இத மட்டும், அதுவும் காதுல விழுந்தும் விழாத மாதிரி மெதுவா வாசிச்சுப் பழகுங்க. இது கைக்கு வந்துட்டா டிரம் தட்டுற மாதிரியே இருக்காது, பாடுற மாதிரி இருக்கும்.

ரிகர்சல்ல ஒருத்தர் பேச்சத்தான் எல்லாரும் கேக்கணும். அது அப்பாவாத்தான் இருக்கணும்னு இல்ல, மகளுக்குக் காது நல்லா இருந்தா மக சொல்றதுதான் சட்டம், சாப்பிட உக்காந்ததும் அவ பழையபடி மக. இத மொதல்லயே பேசி வச்சுக்கலன்னா மூணாவது வாரமே சண்ட வரும்.

ஒரு மணி நேரத்துக்குப் பன்னெண்டு பாட்டு நல்லா கைவந்தப்புறம் நிகழ்ச்சி ஒத்துக்குங்க. வெளில வாசிக்கிறதா இருந்தா நெழல் வேணும்னு முன்னாடியே கேட்டு வாங்குங்க, வெயில்ல இரும்பு சூடானா சுருதி எறங்கிடும். வர்ற பணத்துல டியூனருக்குன்னு ஒரு பங்க எடுத்து வச்சுட்டு, மிச்சத்தப் பிள்ளைங்களுக்கும் சரிசமமா அன்னிக்கே கையில குடுத்துடுங்க.