சபையில் பட்ட காயம்: நாம் வழக்கமாகச் செய்துவிடும் தவறுகள்

அம்மா மருத்துவமனையில் 11 நாள் இருந்தபோது சபையிலிருந்து ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போடுவதிலிருந்து அசனம் என்கிற சபை விருந்துக்கு வெங்காயம் உரிப்பது வரை எல்லா வேலைக்கும் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற சபை அது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு வந்த ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. அப்படியே 4 மாதம் ஓடிவிட்டது. அந்த நாட்களில் நான் செய்த தவறுகளையும், பிறகு மற்றவர்களிடம் பார்த்தவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், வலிக்கவே இல்லை என்று நடித்தேன். "மனுஷரைப் பார்க்காதே, இயேசுவைப் பார்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் காயம்பட்டு ஒரு வாரம்கூட ஆகாதவரிடம் அதைச் சொன்னால், "நீ அழாதே" என்றுதான் அவர் காதில் விழும். வேதத்தில் அப்படி யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 55-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன், இது என் தோழனாயிற்றே, கூட்டத்தோடே தேவாலயத்துக்கு ஒன்றாய்ப் போனோமே என்று புலம்புகிற பாட்டு அது. வெளியாள் செய்ததைவிட சபையார் செய்தது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்த நாளில்தான் எனக்கு அழுகையே வந்தது.

அடுத்தது, நம்மில் அநேகர் செய்வது. மனக்குறையை ஜெப விண்ணப்பமாக மாற்றிவிடுகிறோம். "இன்னார் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், அவர்கள் இப்படிப் பேசிவிட்டார்கள்" என்று வீட்டுக்கூட்டத்தில் ஒருவரிடம் சொல்கிறோம். பெண்கள் ஐக்கியத்துக்குப் போவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடுகிறது. நானும் 6 பேரிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன வரிசை மிக எளிது: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு, கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்கவில்லை என்றால் சபைக்குச் சொல். நாம் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். ஆறுதலுக்காக ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுவதைக் குறை சொல்லவில்லை. அது வேண்டும். அந்த ஒருவர் சபைக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், காத்திருந்து சோதித்துப் பார்ப்பது. "நான் வரவில்லையே, யாராவது கேட்கிறார்களா பார்ப்போம்" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது. இந்தச் சோதனையில் யாரும் தேறுவதில்லை, ஏனென்றால் சோதனை நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) பல ஊர்கள் இருக்கின்றன, ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர் ஒருவர்தான். ஊரில் நடப்பதை அங்கே சபையைக் கவனிக்கிற உபதேசியார் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அந்த மாதம் எங்கள் ஊர் உபதேசியார் மாறிப் போயிருந்தார், புதியவர் வந்து சேரவில்லை. கடைசியில் நானே போய்ச் சொன்னபோது ஐயர் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. "எனக்குத் தெரியாது தம்பி, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். மறுநாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாமே தெரியாமையால் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அம்மா படுத்திருப்பது தெரிந்தும் வராத ஒரு கமிட்டி அண்ணன் இருந்தார். அவரிடமும் தனியாகப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது மனஸ்தாபத்துக்குப் பொருந்தும். குற்றத்துக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நம் சபைகளில் நடக்கிற மிகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருந்தால் அங்கே "தனியாகப் போய்ப் பேசு", "மன்னித்துவிடு", "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்தாலும் கமிட்டியாராக இருந்தாலும் அதே சட்டம்தான். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. அடிபட்ட பெண்ணை அடித்தவரோடு ஒரே அறையில் உட்கார வைத்து ஜெபித்து அனுப்புவது சமாதானம் ஆகாது.

சாதி பார்த்து ஒதுக்குவதையும் தனிமனித வருத்தமாகச் சுருக்கக் கூடாது. 1833-இல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளை எழுதி அனுப்பினார். ஏறக்குறைய 200 வருடம் ஆகப்போகிறது, கல்லறைத் தோட்டத்தில்கூட அது தீராத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒதுக்கப்பட்டவரிடம் "பொறுத்துப்போ" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அப்போஸ்தலர் 6-இல் கிரேக்கருடைய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. முறுமுறுக்காதே என்று அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. அந்த வேலையைக் கவனிக்கவென்றே 7 பேரை ஏற்படுத்தினார்கள்.

கேள்வி கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்பார்கள். இதைக் கேட்டுப் பயந்து அடங்கிப்போனவர்கள் நிறைய. அந்த வசனம் 105-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அதன் முன்வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். கொஞ்சத் தொகைக்குட்பட்டவர்களாய், பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம் வீட்டாரை ஒடுக்க விடாமல் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டதைத்தான் அது சொல்கிறது. பலமில்லாதவர்களைக் காப்பாற்ற வந்த வசனம் அது. பவுல் அந்தியோகியாவில் பேதுருவையே முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-இல் எழுதியிருக்கிறது.

சரி, விலகிப் போகலாமா? போகலாம். ஆனால் கோபம் கொதிக்கிற வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். நம் ஊரில் சபை என்பது ஞாயிறு ஆராதனையோடு முடிவதில்லை. பிள்ளைகளின் கல்யாணத்தை ஆலயத்தில் அறிவிக்கிற ஓலை வாசிப்பதும், தாத்தா பாட்டியின் கல்லறையும் அதோடு சேர்ந்திருக்கின்றன. தீர யோசித்த பிறகும் போவதுதான் சரி என்று பட்டால் சொல்லிவிட்டுப் போங்கள். கையிலிருக்கிற பொறுப்புகளை ஒப்படைத்து, மாறுதல் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். போன இடத்தில் பழைய சபையின் கதையைத் திறக்காதீர்கள். பவுலும் பர்னபாவும் உடன் ஊழியரான மாற்குவை முன்னிட்டுக் கடுங்கோபத்தோடு பிரிந்தார்கள். ஒருவர் சீப்புருவுக்கும் மற்றவர் சீரியாவுக்கும் போனார்கள், இருவருடைய ஊழியமும் நிற்கவில்லை. வருடங்கள் கழித்து, மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா என்று அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

நான் விலகவில்லை. அம்மாவுக்கு அந்த ஆலயத்தின் மணியோசை வேண்டும். மன்னித்தாயா என்று கேட்டால், சில ஞாயிறு ஆம், சில ஞாயிறு இன்னும் இல்லை. தலையாட்டிய அந்த அண்ணன் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. திருவிருந்துக்குப் போகும்போது சில வாரம் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறோம்.