திருச்சியில் இறங்கி, கொழும்பில் ஏறி: ஒரே லீவில் இரண்டு ஊர்

எனக்குத் திருவாரூர் பக்கம், வீட்டுக்காரருக்கு யாழ்ப்பாணம். டிசம்பர் லீவு வந்தால் எந்த ஊர் என்பதில் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் சண்டை. நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றுபோனது, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சண்டையும் ஒருவழியாக ஓய்ந்தது. ஆனால் டிசம்பரை விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஜூன் பள்ளி விடுமுறைதான் நமக்குத் தோது.

நான் சொல்லும் வழி இது: சாங்கியிலிருந்து திருச்சிக்கு விமானம், நாகையிலிருந்து கப்பல், யாழ்ப்பாணத்திலிருந்து ரயில், கொழும்பிலிருந்து வீட்டுக்கு விமானம். போன வழியே திரும்பாதீர்கள். இந்திய ஈ-விசாவில் எந்தெந்த விமான நிலையம், துறைமுகம் வழியாக நாட்டுக்குள் வரலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. கப்பலிலேயே நாகைக்குத் திரும்புவதென்றால் அதைப் பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது. ஒரே திசையில் போனால் அந்தத் தலைவலியே இல்லை. இலங்கைக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தால் சுலபம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிஆர் (நிரந்தரவாசி) ஆக இருப்பவர்கள் மட்டும் இடிஏ என்ற இணையப் பயண அனுமதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகைக்கு ரயில் இருக்கிறது. சென்னையில் இறங்குகிறவர்கள் எழும்பூரில் இரவு காரைக்கால் எக்ஸ்பிரஸில் படுத்தால் விடிகிற நேரத்துக்கு நாகை. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். வெளிநாட்டுப் போன் நம்பரை வைத்துக்கொண்டு ரயில்வே முன்பதிவுத் தளத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, ஊரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லிவிடுவது உத்தமம். வயதானவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போனார்கள். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. ராமேஸ்வரம் ரயிலை மட்டும் இன்றைக்கும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறார்கள், போட் இல்லாமலே. நாகை நமக்கு இன்னும் நெருக்கம். என் ஆச்சி இதே நாகையில்தான் ‘ரஜூலா’ கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தார்.

கப்பலுக்கு முந்தின நாளே நாகையில் இருங்கள், பின்னால் இரண்டு நாள் கையிருப்பும் வையுங்கள். காற்று சரியில்லை என்றால் பயணம் ரத்தாகும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. நான் எரிச்சலில் இருந்தேன், பிள்ளைகள் நாகூரில் இறால் வாடா சாப்பிட்டுக்கொண்டு ஜாலியாக இருந்தார்கள். வேளாங்கண்ணியும் பக்கம்தான், அறைக்குப் பஞ்சமில்லை.

மூட்டை விஷயத்துக்கு வருவோம். விமானத்தில் விடுகிற எடை கப்பலிலும் போகும் என்று நினைக்காதீர்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் கிலோவைப் படித்துவிட்டு வீட்டிலேயே தராசில் வையுங்கள். துறைமுகத்தில் எங்கள் பையைத் திறந்து, மைலோ பாக்கெட், கோடாலித் தைலம் எல்லாம் தரையில் பரப்பி, எது மாமிக்கு, எது வழியனுப்ப வந்த என் தம்பியோடு திருவாரூருக்குத் திரும்புவது என்று பங்கு பிரித்தோம். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “தைலத்தை எடுத்துக்குங்கம்மா, கப்பல்ல வேணும்” என்றார்.

அவர் சொன்னது சரி. நாலு மணி நேரம்தான், ஆனால் பாக்கு நீரிணை சும்மா விடாது. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாந்தி வருகிற ஆள் என்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. போனைப் பார்க்காமல் தூரத்தில் தெரியும் கடல் விளிம்பைப் பாருங்கள்.

காங்கேசன்துறையில் அதிகாரி, “எங்க நிக்கப் போறியள்?” என்றார். இந்த வரிசையிலதான் என்றேன். வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தங்குவதைத்தான் அங்கே ‘நிற்பது’ என்பார்கள். தங்கும் வீட்டு முகவரியைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். இந்திய ரூபாய் அங்கே செல்லாது. சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) யாழ்ப்பாண டவுனில் மாற்றிக்கொள்ளலாம்.

போரில் 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில்தான் திரும்ப வந்தது, காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியில். கொழும்புக்குப் போகும் யாழ்தேவி ரயிலில் பகலில் போனால் ஆனையிறவு உப்பளங்களைப் பார்க்கலாம். மழை வெள்ளத்துக்குப் பிறகு பாதை சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு இருக்கை போடுங்கள். ரயில் தாமதமாகும், அதனால் அன்றிரவே விமானம் பிடிக்க நினைக்க வேண்டாம். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்பைவிட நீர்கொழும்புக்குத்தான் கிட்ட. அங்கே ஒரு ராத்திரி தங்கி, சிங்கப்பூர் வருகை அட்டையைப் போனிலேயே நிரப்பிவிட்டு, மீன் குழம்போடு சாப்பிட்டுத் தூங்குங்கள்.